காட்டில் நெருப்பு மூட்ட எதை நம்பிப் போவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையேற்றத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் காலணியைப் பற்றியும் முதுகுப் பையைப் பற்றியும் நிறையக் கேட்கிறார்கள். வழி தவறி, நனைந்து, பொழுதும் சாய்ந்துவிட்டால் நெருப்புக்கு என்ன செய்வது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்கிறவர்களும் பெரும்பாலும் எந்தக் கருவி சிறந்தது என்றே தொடங்குகிறார்கள். இத்தனை ஆண்டுகளில் என்னிடம் வந்த கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரே ஒரு பொருள்தான் எடுத்துப் போகலாம் என்றால் எது?

பெட்டிக்கடையில் விற்கும் சாதாரண கேஸ் லைட்டர். இந்தப் பதிலைக் கேட்டுப் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் சுடர் கையில் இருப்பதும் பொறியை மட்டும் வைத்துக்கொண்டு போராடுவதும் ஒன்றல்ல. ஒரு லைட்டர் நூற்றுக்கணக்கான முறை எரியும். ஒரு கையால் பிடிக்கலாம். ஈரச் சுள்ளியின் அடியில் பல விநாடிகள் தொடர்ந்து காட்டலாம்.

ஆனால் ஒரே பொருளோடு யாரும் போக வேண்டாம். நான் எடுத்துப் போவது மூன்று: சட்டையின் உள்பையில் ஒரு லைட்டர், கழுத்துக் கயிற்றில் ஒரு ஃபெரோ கம்பி (சுரண்டினால் பொறி கொட்டும் உலோகக் கம்பி), முதுகுப் பைக்குள் நீர் புகாத டப்பாவில் தீக்குச்சிகள். மூன்றும் மூன்று இடத்தில் இருக்க வேண்டும். ஆற்றைக் கடக்கும்போது பை அடித்துக்கொண்டு போனாலும், உடம்போடு இருப்பது உங்களோடேயே வரும்.

எந்த முறை நம்பகமானது என்று எப்படி முடிவு செய்வது?

உங்கள் கையை வைத்து முடிவு செய்யுங்கள். விளம்பரத்தில் கருவியைப் பிடித்திருக்கும் கை உலர்ந்த, சூடான, நிதானமான கை. நெருப்பு தேவைப்படும் நேரத்தில் உங்களுக்கு இருக்கப்போகும் கை அதுவல்ல.

இதை நான் ஹிமாச்சலில் ஒரு கணவாய்ப் பயணத்தில் கற்றுக்கொண்டேன். ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரம். மதியம் தொடங்கிய ஆலங்கட்டி மழை மாலை வரை விடவில்லை. தார்ப்பாயைக் கட்டி அடுப்பை வெளியே எடுத்துவிட்டோம். அடுப்பிலேயே இருக்கும் பொத்தானை அமுக்கினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. லைட்டரை எடுத்தேன். சக்கரத்தின் மேல் பெருவிரலை வைக்கிறேன்; வைத்தது கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. உருட்டினால் வழுக்குகிறது. சுமை தூக்க எங்களோடு வந்த உள்ளூர்ப் பெரியவர் என் கையிலிருந்து லைட்டரை வாங்கித் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டார். பிறகு தன் சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையில் மடித்த தீப்பெட்டியையும் விரல் நீளச் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றையும் எடுத்தார். முதல் குச்சியிலேயே ரப்பர் பிடித்துக்கொண்டது. அடுப்பு எரிந்தது.

உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது குளிர்விறைப்பு நிலை. அதற்கு வெகு முன்பே விரல்களின் நுணுக்கம் போய்விடுகிறது. பொத்தான் போட முடியாத விரலால் எந்தக் கருவியை இயக்க முடியும் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பட்டியல் தானாகவே கழிந்துவிடும்.

குளிரில் லைட்டர் ஏன் சண்டித்தனம் செய்கிறது?

உள்ளே இருப்பது பியூட்டேன். அழுத்தத்தில் திரவமாக அடைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய சுழியம் டிகிரியிலேயே அது ஆவியாக மறுக்கத் தொடங்கும். ஆவி வரவில்லையென்றால் சுடரும் வராது. லைட்டர் கெட்டுப்போகவில்லை, குளிர்ந்துவிட்டது, அவ்வளவுதான். உள்சட்டையிலோ அக்குளிலோ சில நிமிடங்கள் வைத்திருந்தால் சரியாகிவிடும். மலையில் லைட்டரைப் பையின் வெளிப்பகுதியில் வைக்கவே வேண்டாம்.

நனைந்துவிட்டால் உதறி, ஊதி, சக்கரத்தைக் காய்ந்த துணியின் மேல் பலமுறை தேய்த்து உருட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் மீண்டும் பொறி வரும். சில லைட்டர்களில் குழந்தைகள் இயக்கிவிடாதபடி சக்கரத்தின் மேல் மெல்லிய தகடு ஒன்று வைத்திருப்பார்கள். விறைத்த விரலுக்கு அது பெரிய தடை. பயணத்துக்கு எடுத்துப் போகும் லைட்டரில் அதை நெம்பி எடுத்துவிடுங்கள். அதன் பிறகு அந்த லைட்டர் குழந்தைகளின் கைக்கு எட்டவே கூடாது.

பெட்ரோல் லைட்டர், காற்றில் அணையாத ஜெட் லைட்டர், சார்ஜ் போடும் மின்லைட்டர்?

பெட்ரோல் லைட்டரின் எரிபொருள் மூடி வைத்திருந்தாலும் ஓரிரு வாரங்களில் ஆவியாகிவிடும். தேவைப்படும் நாளில் காலியாக இருக்கும். ஜெட் லைட்டர் ஊரில் அருமையாக வேலை செய்யும். உயரம் கூடக்கூட அதன் மின்பொறி வகைப் பற்றவைப்பு காலை வாரும். என் அடுப்பின் பொத்தான் தோற்றதும் இதே காரணத்தால்தான். மின்லைட்டருக்குக் குளிரில் பேட்டரி இறங்கிவிடும். மூன்றையும் நான் எடுத்துப் போவதில்லை.

தீப்பெட்டி மட்டும் போதாதா?

நம் ஊர்த் தீப்பெட்டி நல்ல பொருள். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தின் உழைப்பு அது. ஆனால் அதன் வேலைமுறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். குச்சித் தலையின் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. சிவப்புப் பாஸ்பரஸ் இருப்பது பெட்டியின் பக்கவாட்டில் உள்ள உரசுபட்டையில். இரண்டும் உரசினால்தான் தீ. ஆகவே குச்சிகள் எத்தனை காய்ந்திருந்தாலும் உரசுபட்டை ஈரமானால் அத்தனையும் வீண். மழைக்கால மலையில் பெட்டியைப் பையிலேயே வைத்திருந்தால்கூட ஈரக்காற்றில் எல்லாம் நமுத்துப்போகும்.

குச்சிகளை எடுத்து, தலையை உருக்கிய மெழுகில் ஒருமுறை முக்கி ஆறவிடுங்கள். உரசுபட்டையை வெட்டித் தனியாகச் சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு, குச்சிகளோடு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். பட்டை இரண்டாக இருக்கட்டும். உரசும்போது தலையில் உள்ள மெழுகை நகத்தால் கொஞ்சம் சுரண்டிவிட்டு உரச வேண்டும்.

ஃபெரோ கம்பி என்பது என்ன? அதை ஏன் எல்லோரும் புகழ்கிறார்கள்?

சீரியம், லாந்தனம், இரும்பு போன்ற உலோகங்களைக் கலந்து வார்த்த கம்பி. கூரான விளிம்பால் சுரண்டினால் துகள்கள் உதிர்ந்து, காற்றுப் பட்டதும் தாமாகவே எரிகின்றன. பொறியின் சூடு ஏறக்குறைய 3,000 டிகிரி. 1903-ல் இந்தக் கலவையை உருவாக்கியவர் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவர் ஃபான் வெல்ஸ்பாக். திருவிழாக் கடைகளில் பெட்ரோமாக்ஸ் விளக்கு பார்த்திருப்பீர்கள். அதில் ஒளிரும் மேண்டிலைக் கண்டுபிடித்தவரும் அவரே. உங்கள் லைட்டரில் இருக்கும் 'கல்'லும் இந்தக் கலவையின் சிறு துண்டுதான்.

இதைப் புகழக் காரணம் இருக்கிறது. நீரில் முக்கி எடுத்துத் துடைத்தாலும் பொறி வரும். உறைகுளிரிலும் வரும். உயரம் இதற்குத் தடையல்ல. எரிபொருள் தீர்ந்துபோகும் என்ற பேச்சே இல்லை. விறைத்த கையாலும் முஷ்டியாக மடக்கிப் பிடித்துக்கொள்ளலாம், அதற்குத் தடித்த பிடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

குறை ஒன்றுதான்: இது தருவது பொறி, சுடர் அல்ல. பொறியை ஏந்திக்கொள்ள மிக நுண்ணிய, மிகக் காய்ந்த பஞ்சு கீழே காத்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் இந்தக் கம்பி வாண வேடிக்கை காட்டும், நெருப்பு வராது. லைட்டரை முதலாவதாகவும் இதை இரண்டாவதாகவும் நான் வைத்திருப்பதற்குக் காரணம் இதுவே.

பழகும்போது எல்லோரும் செய்யும் தவறு, கம்பியை அசையாமல் பிடித்துக் கத்தியை வேகமாகக் கீழே இழுப்பது. கத்தி போய்ப் பஞ்சில் இடித்து எல்லாவற்றையும் சிதறடித்துவிடும். மாற்றிச் செய்யுங்கள். கத்தி முதுகைப் பஞ்சுக்கு மேலே அசையாமல் பிடித்துக்கொண்டு, கம்பியைப் பின்னால் உங்களை நோக்கி இழுங்கள். பொறி நேராகப் பஞ்சில் கொட்டும். புதுக் கம்பியின் மேல் கறுப்புப் பூச்சு இருக்கும். அதை முதலில் சுரண்டி எடுத்துவிட வேண்டும். கத்தியின் வெட்டுவாயால் சுரண்டாதீர்கள், கத்தி மழுங்கிவிடும். முதுகு நேர்கோணமாக, கூரான விளிம்போடு இருக்க வேண்டும். வளைந்து மழுங்கிய முதுகில் பொறி வராது.

சிக்கிமுக்கிக் கல்லும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. சிக்கிமுக்கிக் கல்லில் இரும்பைத் தட்டும்போது, கல்லின் கூர்விளிம்பு இரும்பிலிருந்து மெல்லிய துகளைச் சீவுகிறது. எரிவது அந்த இரும்பு. அந்தப் பொறி ஃபெரோ பொறியைவிடச் சூடு குறைந்தது. வெறும் பஞ்சில் பிடிக்காது. காற்றுப் புகாமல் கருக்கிய பருத்தித் துணியோ, மரத்தில் வளரும் சில வகைக் காளானோ வேண்டும்.

1991-ல் ஆல்ப்ஸ் பனியில் ஏறக்குறைய 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதர் ஒருவரின் உடல் கிடைத்தது. ஏட்ஸி என்று பெயரிட்டார்கள். அவரிடம் நெருப்புக் காளான் இருந்தது. அதில் தீப்பொறி தரும் பைரைட் கல்லின் துகள் ஒட்டியிருந்தது. அதோடு பூர்ச்ச (பிர்ச்) மரப்பட்டையால் செய்த ஒரு கூடும் இருந்தது. அதற்குள் மேப்பிள் இலைகளும் கரித்துண்டுகளும். தணலை இலையில் பொதிந்து எடுத்துப் போயிருக்கிறார். கல்லும் காளானும் கைவசம் இருந்தும் தணலையும் சுமந்திருக்கிறார். பனிமலையில் வாழ்ந்தவரே ஒரே வழியை நம்பவில்லை என்பதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

கட்டையைக் கடைந்து தீ மூட்டக் கற்றுக்கொள்ளலாமா?

கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள், அது அழகான கலை. ஆனால் உயிரை அதன் மேல் வைக்காதீர்கள். நம் முன்னோர் தீக்கடைக்கோலை ஞெலிகோல் என்றார்கள். சங்கப் பாடல் ஒன்றில் அது வீட்டுக் கூரையின் தாழ்ந்த ஓரத்தில் செருகிவைக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சிறு செய்தியைக் கவனியுங்கள். தேவைப்படும்போது காட்டில் தேடிய கோல் அல்ல அது. மழை படாத இடத்தில் முன்கூட்டியே காயவைத்த கோல். வேள்விக்கு அரணிக் கட்டை கடைபவர்களும் நன்றாகக் காய்ந்த கட்டையைக் கயிறு சுற்றித்தான் கடைகிறார்கள், பழகிய கைகளும் வியர்த்துவிடுகின்றன. மழையில் நனைந்த சோலைக்காட்டில், பசியோடு இருக்கும் ஒருவர் முகம் தெரியாத மரத்தின் குச்சியை வைத்துக்கொண்டு அதைச் செய்து முடிப்பது அரிதினும் அரிது. உள்ளங்கை கொப்புளித்து, உடம்பின் மிச்சச் சூடும் வியர்வையாகப் போவதுதான் நடக்கும்.

பூதக்கண்ணாடி, பேட்டரி?

பூதக்கண்ணாடிக்கு உச்சி வெயில் வேண்டும். நெருப்பு அவசரமாகத் தேவைப்படுவது மழையிலும் இரவிலும். 9 வோல்ட் பேட்டரியை மெல்லிய இரும்புக் கம்பளியில் (மயிரிழைபோன்ற இரும்பு நாரில்) தொட்டால் பிடிக்கும். ஆனால் இரும்புக் கம்பளி துருப்பிடிக்கும், இரண்டும் பைக்குள் தற்செயலாகத் தொட்டுக்கொண்டால் பையே எரியும்.

பொறி விழுகிறது, குச்சியும் உரசியாயிற்று. ஆனால் நெருப்பு நிற்கவில்லை. ஏன்?

பத்தில் ஒன்பது பேரின் சிக்கல் இதுதான். கருவியில் குறை இருக்காது. பொறிக்கும் விறகுக்கும் நடுவே இருக்க வேண்டிய பொருளில்தான் குறை. அதைக் காட்டில் தேடாதீர்கள். வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.

நான் எடுத்துப் போவது வாசலின் தடவிய பருத்திப் பஞ்சு. பஞ்சை உருண்டையாக்கி வாசலினில் நன்றாகப் பிசைந்து சிறு டப்பாவில் அடைத்துவிடுவேன். பற்றவைக்கும்போது உருண்டையை அப்படியே வைக்கக் கூடாது. விரலால் பிய்த்து, உள்ளே இருக்கும் காய்ந்த இழைகள் நூலாம்படைபோல் விரியும்படி செய்ய வேண்டும். பொறி அந்த இழையில் பிடிக்கும், வாசலின் மெழுகுவத்தியின் மெழுகுபோல எரிந்துகொண்டே இருக்கும். ஒரு உருண்டை நான்கைந்து நிமிடம் நிற்கும். அத்தனை நேரம் நின்றால் ஈரச் சுள்ளியும் காய்ந்து பிடித்துக்கொள்ளும்.

கற்பூரம் நம் வீட்டிலேயே இருக்கிறது. நீரில் மிதக்கவிட்டாலும் எரியும் பொருள். சுடர் காட்டினால் உடனே பிடிக்கும். திறந்து வைத்தால் காற்றோடு காற்றாகப் போய்விடும் என்பதால் இறுக மூடிய டப்பா வேண்டும். வெறும் பொறியில் கட்டிக் கற்பூரம் சட்டென்று பிடிக்காது; பொடித்துப் பஞ்சில் தூவுங்கள். சைக்கிள் டியூப் துண்டை மேலே சொன்னேன். புகையும் நாற்றமும் உண்டு, ஆனால் மழைத்துளி விழுந்தாலும் சீக்கிரம் அணையாது.

ஊர்ப்புறத்தில் இருந்தால் தென்னையின் பன்னாடை, தேங்காய் நார், இலவம்பஞ்சு எல்லாம் உதவும். இலவம்பஞ்சு கண்ணிமைக்கும் நேரத்தில் எரிந்து முடிந்துவிடும், அதைத் தனியாக நம்ப வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் கருங்குங்கிலியம் வடியும் மரம் உண்டு. உதிர்ந்து கிடக்கும் பிசின் ஈரத்திலும் எரியும். இமயத்தில் சீர்ப் பைன் மரத்தின் பிசின் ஊறிய கட்டைச் சிம்பும் அப்படியே. பூர்ச்ச மரத்தின் பட்டை அருமையாக எரியும், ஆனால் நிற்கும் மரத்தை உரிக்காதீர்கள். கீழே விழுந்து கிடப்பதை மட்டும் எடுங்கள்.

விடாமல் மழை பெய்த காட்டில் காய்ந்த விறகு எங்கே கிடைக்கும்?

தரையில் கிடைக்காது. நிமிர்ந்து பாருங்கள். நின்றபடியே காய்ந்த பட்டமரம், கிளையில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒடிந்த சுள்ளி, பாறைச் சரிவின் அடி, பெரிய மரத்தின் காற்று மறைவான பக்கம். சுள்ளியை ஒடித்தால் 'படக்' என்று ஒடிய வேண்டும். வளைந்தால் விட்டுவிடுங்கள்.

மணிக்கட்டுத் தடிமனுள்ள பட்டுப்போன கட்டை கிடைத்தால் கத்தியால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். வெளியே நீர் சொட்டினாலும் உள்வயிரம் காய்ந்திருக்கும். அந்த உள்மரத்திலிருந்து ஒரு குச்சி எடுத்து, ஓரத்தைச் சுருள் சுருளாகச் சீவுங்கள். சீவல் உதிராமல் குச்சியோடேயே நிற்க வேண்டும். இரண்டு மூன்று குச்சிகளை இப்படிச் சீவி வைத்தால் அதைவிடச் சிறந்த சுள்ளி எந்தக் காட்டிலும் கிடைக்காது.

எப்படி அடுக்குவது?

பற்றவைக்கும் முன்பே எல்லாவற்றையும் சேர்த்துவிடுங்கள். தீக்குச்சித் தடிமனில் இரண்டு கைப்பிடி, பென்சில் தடிமனில் ஒரு கட்டு, பெருவிரல் தடிமனில் ஒரு கக்கம். போதும் என்று தோன்றும் அளவைப்போல் மூன்று மடங்கு சேருங்கள். பஞ்சு எரியும்போது சுள்ளி தேடி ஓடியவர்களின் நெருப்பு நின்றதில்லை.

ஈரத்தரையிலும் பனியிலும் நேராக மூட்டக் கூடாது. பனி உருகித் தீயை அணைத்துவிடும். கட்டைகளை நெருக்கிப் பரப்பி மேடை செய்து அதன் மேல் மூட்டுங்கள். பனி படிந்த கிளைக்கு அடியிலும் வேண்டாம், சூடு ஏறினால் மொத்தப் பனியும் தலைமேல் சரியும். காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, உங்கள் உடம்பையே மறைப்பாக்கிப் பற்றவையுங்கள். சுள்ளிகளுக்கு நடுவே காற்று போக இடம் இருக்கட்டும். அவசரத்தில் பெரிய கட்டையை மேலே போட்டு அமுக்கியே நிறையப் பேர் நெருப்பைக் கொன்றுவிடுகிறார்கள்.

நம் காடுகளில் நெருப்பு மூட்டலாமா?

கூடாது. சமையலுக்கும் குளிர்காயவும் புகைப்படத்துக்கும் என்று காப்புக்காட்டில் நெருப்பு மூட்டுவது குற்றம். சரணாலயத்துக்கு ஆபத்து நேரும்படி தீ மூட்டுவதை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள், நம் மலைச்சரிவுகளைப் பாருங்கள். பிப்ரவரி முதல் மழை வரும்வரை புல் வைக்கோலாகக் காய்ந்து நிற்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்து சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரிவில் தீ மேல்நோக்கி ஏறும் வேகத்துக்கு மனிதர் ஓட முடியாது. அந்த மலையைப் பார்த்தவர்கள் கோடையில் புல்வெளி நடுவே தீக்குச்சியைத் தொட மாட்டார்கள்.

இந்தப் பக்கத்தில் சொல்வதெல்லாம் உயிர் போகும் நிலைக்கு மட்டும். நனைந்துவிட்டீர்கள், நடுக்கம் நிற்கவில்லை, இரவுக்குள் ஊர் சேர முடியாது என்றால் மூட்டுங்கள். பாறை மேல் அல்லது ஆற்று மணலில், சுற்றிலும் சருகை வழித்துவிட்டு, சிறியதாக. அதற்கு முன்னால் ஈர உடையைக் கழற்றி, காய்ந்ததைப் போட்டு, காற்றுக்கு மறைவாக உட்காருங்கள். பல நேரம் அதுவே போதுமானதாகிவிடும்.

கூடாரத்துக்குள் அடுப்போ தணலோ வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். அணைந்ததுபோல் தெரியும் கரித்தணலும் அதை வெளியிட்டுக்கொண்டே இருக்கும்.

தீ இருந்தால் யானை வராதா?

அதை நம்பி உட்காராதீர்கள். யானைத்தடத்தில் தங்காமல் இருப்பதே பாதுகாப்பு.

விமானத்தில் எடுத்துப் போக விடுவார்களா?

நம் நாட்டில் விமானத்தில் லைட்டரும் தீப்பெட்டியும் அடுப்பு கேஸும் அனுமதி இல்லை. மலையடிவார ஊரில் இறங்கியதும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிய இடத்திலேயே லைட்டரைப் பத்து முறை பற்றவைத்துப் பாருங்கள்.

அணைத்துவிட்டேன் என்று எப்போது சொல்லலாம்?

மண்ணைப் போட்டு மூடுவது அணைப்பது அல்ல. மண்ணுக்கடியில் கங்கு மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். வேர் வழியாகப் போய் வேறிடத்தில் கிளம்பவும் கூடும். தண்ணீர் ஊற்றுங்கள், குச்சியால் கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். புறங்கையைச் சாம்பலுக்கு அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள், சூடு தெரியாவிட்டால் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால்தான் கிளம்பலாம்.

பழகுவது எப்படி?

மழை நாளில், வீட்டு மொட்டை மாடியில், ஒரு பழைய இரும்புச் சட்டியில். ஐஸ் போட்ட தண்ணீரில் இரண்டு கையையும் ஒரு நிமிடம் வைத்திருங்கள். துடைக்காமல் எடுத்து, பஞ்சு டப்பாவைத் திறக்க முயலுங்கள். பெரும்பாலும் மூடியே திறக்காது. அந்த டப்பாவை மாற்றுங்கள். பிறகு லைட்டர், பிறகு ஃபெரோ கம்பி, பிறகு தீக்குச்சி. மூன்றாலும் ஐந்து நிமிடத்துக்குள் சுடர் நிற்கும் வரை, ஒவ்வொரு மழைக்கும் ஒருமுறை செய்துகொண்டிருங்கள்.